மருதாணி வேலி

அக்கா மகளின் கல்யாணத்துக்கு அரைத்த மருதாணியின் பச்சை வாசம் என்னை மாத்தளையின் பழைய பூங்காவுக்குக் கொண்டுபோய்விட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் வட்டமாக வகுத்து, எல்லாப் பாதைகளும் நடுவிலிருந்த நீரூற்றில் வந்து சேரும்படி அமைத்த அந்தப் பூங்காவில், பாதையோரமெல்லாம் ஒரே உயரத்துக்குக் கத்தரித்த மருதாணி வேலி. கோயில் தேருக்கு முந்தின நாள் சிறுமிகள் நாங்கள் மடி நிறையப் பறிப்போம்.

"வெளிப்பக்கம் கை வைக்காதீங்க புள்ள, உள்ளுக்குள்ள பறிங்க" என்பார் காவல்காரர்.

பஸ் நிறுத்த இடம் தேவையென்று ஒரு தேர்க்காலத்தில் இயந்திரம் வேலியைச் சாய்த்தபோது, உள்ளே இலையில்லாத வெறுங்குச்சிகளைப் பார்த்து, நாங்கள் பறித்துப் பறித்துத்தான் பூங்கா செத்துவிட்டதென்று நம்பி, சிவந்த கைகளைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"சித்தி, கைய நீட்டுங்க, வச்சி விடுறேன்" என்கிறாள் மணப்பெண்.

இந்த வயதிலும் என் கை தானாக முந்தானைக்குள் போகிறது.