மூணு சாப்பாடு

கும்பகோணத்தில் என் கூல்டிரிங்ஸ் கடைக்கு எதிரே உள்ள லாட்ஜில் அந்த வெள்ளைக்காரர் பத்து நாள் தங்கியிருந்தார். ஆறு வயது அக்காவையும் நாலு வயது தம்பியையும் தத்தெடுத்துவிட்டு, அவர்களின் பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருந்தார். அவர் மனைவி காய்ச்சலோடு அறையில் படுத்திருந்தார். ஆள் நெடுநெடுவென்று, செம்பட்டைத் தாடியோடு இருப்பார். பிள்ளைகள் சொல்லும் ஒவ்வொரு தமிழ் வார்த்தையையும் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார்.

நாலாம் நாள் காலையில் பிள்ளைகளோடு கடைக்கு வந்தார். ஐஸ்கிரீம் பெட்டியைக் காட்டி, "மூணு சாப்பாடு" என்றார். மத்தியானமும் வந்து அதையே கேட்டார். பின்னால் நின்ற இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

சாயங்காலம் மறுபடி வந்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளைகள் காதில் விழாமல், "சார், இதுக்குப் பேரு சாப்பாடு இல்லீங்க. உங்களை ஏமாத்துதுங்க" என்றேன்.

அவர் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடித்துச் சொன்னார். "தெரியும். மூணு நாள் அழுகை. இன்னிக்கு சிரிப்பு. சொல்லாதீங்க."

மூன்று கோன் எடுத்துக் கொடுத்தேன். தெருவோரம் நின்றே தின்றார்கள். அவர் தாடியெல்லாம் ஐஸ்கிரீம் வழிந்தது. அதுவரை அவர் கையைக்கூடப் பிடிக்காத அந்தச் சிறுமி, எட்டி, கவுன் நுனியால் துடைக்கப் பார்த்தாள். எட்டவில்லை. உடனே அவர் தெருவிலேயே முட்டி போட்டுவிட்டார்.

பின்னால் டவுன் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை. டிரைவர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் பொறுங்க என்று நான் கையைக் காட்டினேன்.