கொடி நட்ட வயல்

கூலித் தகராறு வந்தால் சங்கக் கொடியை வயலில் நடுவோம். அது நிற்கும்வரை யாரும் அங்கே அரிவாள் வைக்க மாட்டோம். இதைச் சொல்லிக்கொடுத்த சங்கத் தலைவர் எங்கள் ஓட்டில் ஜெயித்து அமைச்சரானார். திருத்துறைப்பூண்டி பக்கம் நிலம் வாங்கினார். அறுப்புக்கு எங்களைக் கூப்பிடாமல் மிஷினை இறக்கினார்.

அம்மா போய்க் கொடி நட்டாள். மிஷின்காரனே தயங்கி நின்றான். காரிலிருந்து இறங்கிவந்த தலைவர், தன் கையாலேயே அதைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார்.

"காலம் மாறிடுச்சு தோழர். பையனை துபாய்க்கு அனுப்புங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேறு வழியில்லாமல் தம்பி துபாய்க்குத்தான் போனான். அடுத்த தேர்தலுக்கு, வெட்கமே இல்லாமல், எங்கள் வாசலில் வந்து கைகூப்பினார்: "தோழர்..."

"ஓட்டு கேளுங்க. தோழர்னு மட்டும் கூப்புடாதீங்க" என்று அம்மா கதவைச் சாத்தினாள்.