மேக ராஜகுமாரனுக்கு மறுவீடு

1. முற்றும் போட்ட கதை

கைபேசி ஆப் ஒன்றில் மாயக் காதல் தொடர்கதை எழுதுவது என் தொழில். இருப்பது அலுவிகாரை என்ற சிற்றூரில், தனியாக. கணவர் காலமான பிறகு இந்த வீட்டில் பேசுகிறவர்கள் என் கதாபாத்திரங்கள் மட்டும்தான். அவர்களுக்கும் நானேதான் வசனம் எழுத வேண்டும்.

என் தொடரில் தேயிலை மலையில் பிறந்த கயல், மேக நாட்டு ராஜகுமாரனைக் காதலித்தாள். சாபம் தீர்ந்தது, தாலி ஏறியது, இருவரும் மேகத்துக்குள் போய் மறைந்தார்கள். ஹெப்பி எண்டிங்குக்கு இதைவிட என்ன வேண்டும் என்று முற்றும் போட்டேன்.

கமெண்டில் ஒரே திட்டு. ஏதோ குறைகிறதாம். என்ன குறை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆப் நடத்துகிறவர் போனில் வந்தார்.

"முடிவ மாத்துங்க மேடம். இல்லாட்டி அடுத்த தொடர் தர ஏலாது."

தொடர் இல்லையென்றால் இந்த வீட்டில் சுவர்க் கடிகாரம்தான் பேச வேண்டும். ராஜகுமாரனை மனிதனாக்கித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கவிட்டுப் பார்த்தேன். கயலை மகாராணியாக்கிப் பார்த்தேன். இரண்டும் சப்பென்று இருந்தன.

2. லயத்திலிருந்து ஒரு போன்

பரமேஸ்வரி எல்கடுவ தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் பெண்களுக்கு என் எபிசோடை வாசித்துக் காட்டுவாள். பிறகு எனக்குப் போன் எடுப்பாள். வேலை விஷயம் இல்லாமல் என்னை அழைக்கும் ஒரே ஆள் அவள்தான்.

"அக்கா, கயல் மறுவீடு வரலியே?"

"மேகத்துல இருந்து எப்படிம்மா வருவா?"

"போகத் தெரிஞ்சவளுக்கு வரத் தெரியாதா? மாப்பிளயோட வந்து ஒருவேள சாப்பிட்டாத்தானே அவ வாழப் போனாளா, காணாமப் போனாளான்னு பெத்தவங்களுக்குத் தெரியும்?"

ஊருக்கே தெரிந்த சடங்கு எனக்குத் தோன்றவில்லை. காரணம் உண்டு. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்தவள் நான். எனக்கு யாரும் மறுவீடு வைக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அது இன்றைக்கும் வலிக்கிறது.

3. கதவு திறந்ததும்

மறுவீட்டு எபிசோட் மளமளவென்று வந்தது. அடுப்பில் கோழிக் குழம்பு கொதித்தது. ராஜகுமாரன் உட்கார்ந்த இடமெல்லாம் ஈரம். மாமனார் ஒரு துவாயை நீட்டி, "துடைச்சிக்கங்க மாப்பிள" என்றார். ஆனால் கதவைத் திறந்ததும் மகளிடம் அம்மா என்ன சொல்வாள் என்பது மட்டும் வரவில்லை. பரமேஸ்வரியையே கேட்டேன்.

"என்னத்த சொல்லப் போறாங்க? 'என்னாடி இப்புடி மெலிஞ்சிட்ட'ன்னுதான். உருண்டு தெரண்டு கெடந்தாலும் அதத்தான் சொல்லுவாங்க."

அப்படியே எழுதினேன். கமெண்டில் அழுது தீர்த்தார்கள். அடுத்த தொடரும் கிடைத்தது.

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காதலர்களைச் சேர்த்துவைத்தால் பாதி முடிவுதான். அவர்களை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

அந்த எபிசோடை அனுப்பிய அன்றைக்கு முகம் கழுவப் போனேன். கண்ணாடியில் பார்த்தேன். நான் நன்றாக மெலிந்துதான் போயிருந்தேன்.