மாஸ்ரர் வீட்டுக் குசினியும் அண்ணையின் பச்சைப் புள்ளியும்

வானொலி இரைந்தபோதெல்லாம் நீங்கள் ஏசியது எங்கள் அண்ணையைத்தான். இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் பலருக்கு அவருடைய முகத்தைவிட அந்த இரைச்சல்தான் நெருக்கமாகத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை காலைகளில் மரண அறிவித்தல் வாசிக்கும் எங்கள் சின்னத் தமிழ் வானொலியின் ஒலிபரப்புக் கருவியைச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டவர் அவர். ஒருநாளும் ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து பேசியதில்லை. இன்று அவருக்கு முப்பத்தோராம் நாள். அவரைப் பற்றி எழுதும்படி அண்ணி கேட்டார். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை கரவெட்டியில் ஆறு பிள்ளைகளில் இரண்டாமவராகப் பிறந்தார். நான் கடைசி. மின்னியல் படித்து, படிப்பு முடிவதற்குள் நாட்டை விட்டு ஓடவேண்டி வந்து, இரண்டு நாடுகளில் மாதக்கணக்காகக் காத்துக் கிடந்து, ஒரு தை மாதத்தில் துணிச் சப்பாத்தோடு மொன்றியலில் இறங்கினார். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஐந்து பேருக்கு ஓர் அறை. உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் இயந்திரங்கள் திருத்தும் வேலை. ஓய்வு பெறும்வரை அதே வேலை. என்னை இங்கே கூப்பிட்டு, கலியாணம் செய்துவைத்து, என் இரண்டு பிள்ளைகளுக்கும் முதல் பனிச்சப்பாத்து வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. குணம் என்று மரியாதைக்காக எழுதுகிறேன்; அண்ணி அதற்கு வேறு சொல் வைத்திருந்தார். பார்க்காததைப் பார்த்தேன் என்றோ, கேட்காததைக் கேட்டேன் என்றோ அவரால் சொல்ல முடியாது. ஒரு கலியாண வீட்டில் சாம்பார் எப்படி என்று கேட்டவரிடம், "நான் இன்னும் சாம்பாருக்கு வரேல்லை, பேந்து சொல்லுறன்" என்றார். சாப்பிட்டு முடித்து, அந்த மனிதரைத் தேடிப்பிடித்து, உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அந்த மனிதர் மணமகளின் தகப்பனார்.

வானொலியின் கருவி முதலில் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மாடிக் கட்டடத்தின் கூரையில் இருந்தது. கட்டடம் கைமாறியது, புதிய உரிமையாளர் கூரையைத் திருத்தப் போவதால் எடுக்கச் சொன்னார். மேற்குத் தீவுப் பக்கம், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்குக் கிட்ட, அதைவிட உயரமான ஒரு கூரை கிடைத்தது. உயரம்தான் எல்லாம் என்றார் அண்ணை. எங்கள் சனத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள் என்றும் சொன்னார். அன்றைய கூட்டத்தில் எழுந்து எதிர்த்தவர் ஒருவர்தான்: நடராசா மாஸ்ரர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே அண்ணையோடு அந்த ஐந்து பேர் அறையில் இருந்தவர், இன்றும் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நிலவறை வீட்டில் வாடகைக்கு இருப்பவர்.

"வீடு வாங்கினவனுக்குத்தான் றேடியோவோ, ஐசே? வாடகைக்கு இருக்கிறவன் சாகமாட்டானோ?" என்று கேட்டார்.

"நீங்களும் சாவியள் மாஸ்ரர், அதுவும் கேக்கும்" என்றார் அண்ணை. "உயரத்தில இருந்து வாறது எல்லா இடமும் போகும்."

எல்லா இடமும் போனது. புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதி வாகனத் தரிப்பிடத்தில் பக்கத்தில் இருந்து கதைப்பது போலக் கேட்டது. முருகன் கோயிலில் செருப்பு விடும் இடத்தில் இன்னும் துலக்கம். பார்க் எக்ஸ்டென்ஷனின் செங்கல் கட்டடங்களுக்குப் பின்னால், நிலத்துக்குக் கீழே, மாஸ்ரர் சமைக்கிற குசினிக்கு மட்டும் போகவில்லை. அங்கே பக்கத்து அலைவரிசையில் இருந்த பிரெஞ்சு விளையாட்டு நிலையம் உள்ளே வந்துவிட்டது. சனிக்கிழமை காலை எட்டு மணி மரண அறிவித்தலின் நடுவில், முந்தின இரவு விழுந்த ஐஸ் ஹொக்கி கோல் மறுபடி விழுந்தது.

போனில் கேட்கலாமே என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "போனில வாறது றேடியோ இல்லைப் பிள்ளை, அது போன்" என்றார் மாஸ்ரர். அவரிடம் இருந்தது சுவரில் மாட்டிய பழைய போன்.

அந்த ஆண்டிலேயே மாஸ்ரரின் பள்ளித் தோழர் ஒருவர் இறந்தார். மாஸ்ரரைப் பொறுப்பெடுத்துக் கனடாவுக்குக் கூப்பிட்டவரே அவர்தான். அறிவித்தலில் பெயர் கேட்டது, நேரம் கேட்டது. மண்டபத்தின் பெயருக்கு முன்னால் இரைச்சல் வந்துவிட்டது. எங்கள் ஆட்களை வழமையாக வைக்கிற மண்டபம்தானே என்று மாஸ்ரர் மாலையோடு போய், முதல் ஆளாக, முன்வரிசையில் இருந்தார். அங்கே வைத்திருந்தது ஓர் இத்தாலியரை.

"பெட்டி மூடிக் கிடந்தது, ஐசே," என்று அண்ணையிடம் சொன்னார். "நோய் வருத்தம் கூடி முகம் காட்டேலாமல் மூடியிருக்கினம் எண்டு நினைச்சன். பேந்து வெள்ளையள் வரத் துவங்கிச்சினம். பிள்ளையள் எல்லாம் வெளியில கலியாணம் கட்டியிருக்கினமாக்கும் எண்டு நினைச்சன். ஒருத்தி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாள். நானும் அழுதன். பாதிரியார் வந்தாப் பிறகுதான் எனக்கு விளங்கினது."

"அப்ப உங்கட கூட்டாளியின்ர செத்தவீடு?"

"அது ஆத்துக்கு அங்கால, லவாலில. நான் போக எரிச்சு முடிஞ்சுது."

அண்ணைக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவர் செய்த பிழை. மாஸ்ரர் எழுந்து தொப்பியைப் போட்டார். "என்ர குசினியில உம்மட றேடியோ கேக்கும் வரைக்கும் என்னோட கதைக்கவேண்டாம், காணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணைக்கு அதன் பிறகு அந்தக் கதையில் ஒருநாளும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிறு என் வீட்டுக்கு ஒரு கொப்பியோடு வந்தார். உள்ளே மொன்றியல் வரைபடம் ஒட்டியிருந்தது. தெளிவாகக் கேட்கும் இடத்துக்குப் பச்சைப் புள்ளி, இரைச்சலோடு கேட்டால் மஞ்சள், கேட்காவிட்டால் சிவப்பு. நான் கார் ஓட்டவேண்டும். அவர் கண்ணை மூடிக் காரின் வானொலியைக் கேட்பார். என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், நெடுஞ்சாலையில் பாதை மாறுவதற்கு முன் நான் கந்தசஷ்டி கவசம் பாதி சொல்லி முடித்துவிடுவேன். பக்கத்தில் ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, தெளிவாக இருந்தால் கையை மேலே தூக்கியும் இரைந்தால் கீழே இறக்கியும் வந்தால் எப்படி இருக்கும்? முதல் நாள் அவர் சட்டென்று கை தூக்க, நிற்கச் சொல்கிறார் என்று நினைத்து நடு ரோட்டில் பிரேக் அடித்தேன். பின்னால் வந்தவர் பிரெஞ்சில் ஏசியதில், இங்கே கெட்ட வார்த்தைகளாகப் புழங்கும் தேவாலயச் சாமான்களின் பெயர்கள் மட்டும் எனக்கு விளங்கின.

ஒரு ஞாயிறு எனக்கு அவசரம். மகள் பல்கலைக்கழகத்துக்காக, மாஸ்ரரின் தெருவில் இருந்து நடக்கிற தூரத்தில், அக்காடி மெட்ரோவுக்குக் கிட்ட அறை எடுத்துப் போன புதிது. அவளுடைய போன் எங்கே இருக்கிறது என்று என் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும். அந்தப் புள்ளி இரண்டு மணி நேரமாக அசையாமல் நின்றது. வீட்டுக்குப் போகவேண்டும் என்ற பதற்றத்தில், கடைசித் தெருவுக்குப் போகாமலே நான் பச்சை போட்டுவிட்டேன்.

"கேட்டனியோ?" என்றார் அண்ணை.

"பக்கத்துத் தெருவில கேட்டதுதானே அண்ணை."

"பக்கத்துத் தெருவில கேட்டா பக்கத்துத் தெருவுக்குப் போடு. திருப்பு காரை."

திருப்பினேன். அந்தத் தெருவில் சிவப்பு. மகள் நித்திரையாக இருந்தாள்.

மாஸ்ரரின் தெருவில் மட்டும் முப்பது புள்ளிகளுக்கு மேல் இருக்கும். உள்ளே போக முடியாதபடியால், பின் சந்தில் பனிக்குள் நின்று, குசினி யன்னலுக்குக் கிட்டச் சின்ன வானொலியைப் பிடித்துப் பார்ப்பார். ஒரு பிற்பகல் யாரோ பொலிசைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த இளம் அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். அண்ணை தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் உண்மையைச் சொன்னார்: "இந்த வீட்டில் செத்தவர்களைத் தேடுகிறேன்." நான் போய் விளக்கி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு கார்கள் வந்துவிட்டன.

கடைசியில் வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, வெளி இரும்புப் படிக்கட்டு வழியாக, மாஸ்ரரின் வானொலிக்கு அலை பிடிக்க ஒரு செப்புக் கம்பியை மேலே ஏற்றினார். மாஸ்ரர் உள்ளே யன்னலடியில் வானொலியோடு நின்றார். இருவருக்கும் பேச்சில்லாதபடியால் நான் நடுவில் பனிக்குள் நின்றேன்.

"அவருக்குச் சொல்லுங்கோ பிள்ளை, இப்ப கோல் கேக்குது எண்டு."

"அவரிட்டைக் கேள் தங்கச்சி, தமிழ் ஒண்டும் இல்லையோ எண்டு."

"தமிழ் இருக்குது. நான் பிரிட்ஜைக் கட்டிப்பிடிச்சு நிண்டால் இருக்குது. காலமை எட்டு மணிக்கு நான் பிரிட்ஜைக் கட்டிப்பிடிக்கிறதோ எண்டு அவரிட்டைக் கேளுங்கோ."

இவ்வளவும் ஒரே யன்னலுக்கு இரண்டு பக்கமும், கைக்கெட்டும் தூரத்தில். திரும்பும்போது மாஸ்ரர் யன்னலால் இரண்டு தேநீர்க் கோப்பைகளை நீட்டினார். "ஒண்டு உங்களுக்கு. மற்றது ஆருக்கெண்டு நான் சொல்லேல்லை." அண்ணை குடித்துவிட்டுக் கொப்பியில் மஞ்சள் புள்ளி போட்டார்.

அது மார்கழியில். மாசியில் ஒரு திங்கட்கிழமை அண்ணைக்கு நெஞ்சு வலித்தது. வைத்தியசாலையில் மூன்று நாள். புதன்கிழமை என்னிடம், "மாஸ்ரருக்கு இப்ப கேக்குதாமோ?" என்றார். ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன். "கேக்காமல் சொல்லாதை" என்று கண்ணை மூடினார், காரில் மூடுவதுபோல. வியாழன் காலை போய்விட்டார்.

அதன் பிறகு நான் செய்ததை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மாஸ்ரருக்கு ஒருவரும் போன் எடுக்கவேண்டாம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அண்ணையின் மரண அறிவித்தல் சனிக்கிழமை எட்டு மணிக்குப் போகும். அண்ணை இழுத்த கம்பியில், அந்தக் குசினியில், மாஸ்ரர் கேட்கட்டும் என்று நினைத்தேன். மூளை ஒழுங்காக இருந்த நேரம் இல்லை அது. அழுகைக்குள் அது பெரிய நியாயமாகப் பட்டது.

வெள்ளி இரவு முழுக்க உறைமழை. சனி காலை மரம், கம்பி, கதவுப்பிடி எல்லாவற்றிலும் கண்ணாடிபோல ஐஸ். வீட்டில் மின்சாரம் இல்லை. எட்டு மணிக்கு வாசலில் நின்ற காருக்குள் போய் இருந்து வானொலியைப் போட்டேன். எங்கள் வாசல் அண்ணையின் கொப்பியில் பச்சை. இரைச்சல்தான் வந்தது. கூரையில் இருந்த கருவிக்கும் மின்சாரம் போய்விட்டது. மத்தியானம்வரை வானொலியே இல்லை. கால் மணி நேரம் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். நீங்கள் எல்லோரும் ஏசிய அதே இரைச்சல்.

பிறகுதான் மாஸ்ரரின் நினைவு வந்தது. போன் எடுத்தேன், அவருடைய சுவர்ப் போன் அடிக்கவே இல்லை. தெருவில் கார் ஓடாது. மறுநாள் ஈமக்கிரியை. ஒரு செத்தவீட்டைத் தவறவிட்ட மனிதருக்கு, இரண்டாவதையும் நானே இல்லாமல் செய்துவிட்டேன் என்று உறைந்துபோய் இருந்தேன். மகளுக்குப் போனில் சொல்லி அழுதேன். "அம்மா, நீங்கள் வெளிக்கிட வேண்டாம்" என்று மட்டும் சொல்லி வைத்தாள். பழக்கத்தில் நீலப் புள்ளியைப் பார்த்தேன். அது நகர்ந்துகொண்டிருந்தது. அந்த ஐஸில், மிக மெதுவாக, மாஸ்ரரின் தெருவில் திரும்பி நின்றது.

பிற்பகல் கேட்டதற்கு, "பூ வாங்கப் போனனான்" என்றாள். பூ ஒன்றும் வரவில்லை. விழுந்து காலை உடைத்திருந்தால் என்ன செய்வாய் என்று ஏசினேன். ஏசி முடித்து, அவளைக் கட்டிப்பிடிக்க முடியாத தூரத்தில் இருந்தபடியால், போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு காலை மண்டபத்துக்கு முதல் ஆளாக மாஸ்ரர் மாலையோடு வந்தார். சரியான மண்டபம்தானா என்று வாசலில் பெயரை இரண்டு தரம் வாசித்தாராம். பெட்டிக்குக் கிட்ட வந்து, அண்ணையின் முகத்தை நன்றாகப் பார்த்து, "கேட்டது, காணும்" என்றார். "நேற்றுக் காலமை. குசினியில. ஒரு இரைச்சல் இல்லை, துலக்கமாய்க் கேட்டது." பிறகு முன்வரிசையில் போய் இருந்தார். நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணைக்குக் கேட்டிருந்தால், வானொலியே இல்லாத நேரம் அது என்று கட்டாயம் திருத்தியிருப்பார்.

அண்ணையைக் கடைசிவரை கவனித்த தாதியருக்கும் வைத்தியர்களுக்கும், ஐஸ் பாதையில் வந்து பெட்டி தூக்கிய உறவுகளுக்கும், முப்பத்தொரு நாளும் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், இன்றைய வீட்டுக்கிருத்தியத்தில் எங்களோடு இருந்த நீங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பின் சந்தில் கடைசியில் அண்ணையை நம்பி விட்ட அந்தப் பொலிஸ் அதிகாரிக்கும் நன்றி. பூ வாங்கப் போன என் மகளுக்கு நான் வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

மாஸ்ரரிடம், நடந்ததை இந்த மலரில் எழுதலாமா என்று கேட்டேன். யோசித்தார். "எழுதுங்கோ பிள்ளை. ஆனால் எனக்குக் கேட்டது எண்டே எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். கொப்பியையும் எடுத்து, மாஸ்ரர் குசினியின் அந்த மஞ்சள் புள்ளிக்கு மேலே பச்சை போட்டுவிட்டேன். அண்ணை, திரும்பிப் போய்ப் பார்க்கச் சொல்லாதேங்கோ.