நனைக்காத வெள்ளைத்துணி

நெடுங்கேணியில், பங்குனி வெயிலில், போர்வை தைக்கப் பழக்குவதற்கென்று கொழும்பிலிருந்து ஒருத்தி வந்தாள். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவள் என்று முதல் நாளே முடிவுகட்டினேன். பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் தையற்கடை வைத்திருப்பவள் நான். அவளோ ஊசியில் நூல் கோர்க்கவே இரண்டு தடவை எச்சில் தொட்டாள். எல்லோரும் அவளை மிஸ் என்றார்கள். நானும் வாயால் அப்படித்தான் கூப்பிட்டேன்.

பொதுநோக்கு மண்டபத்தில் நாங்கள் பதினைந்து பெண்கள். பாயில் பரப்பிய துண்டுகள் பறக்கின்றன என்று ஃபேனை நிறுத்திவிட்டாள். வியர்வை வழிய வழியப் போர்வை தைத்தோம். இந்த ஊரில் இது யாருக்கு என்று கேட்டதற்கு, வெளிநாட்டில் விரும்பி வாங்குவார்கள் என்றாள். அவர்களுக்குக் குளிர்ந்தால் எங்களுக்கு வியர்க்க வேண்டும் போலிருக்கிறது.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உள்ளங்கை அளவுச் சதுரங்கள். வெளிர் நிறத்தில் இரண்டு, கடும் நிறத்தில் இரண்டு, மூலைக்கு மூலை மாற்றிப் பொருத்தினால் ஒரு கட்டம். கட்டங்களை அடுக்கிவிட்டுக் கதிரையில் ஏறி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டுமாம், அப்போதுதான் பிழை தெரியுமாம். எனக்குக் கதிரையில் ஏறாமலே தெரிந்தது.

வெளிர் நிறத்துக்கு அவள் கொண்டுவந்தது பள்ளிக்கூடச் சட்டை தைக்கும் புது வெள்ளைத்துணி. கடும் நிறத்துக்குப் பழைய நைலெக்ஸ் சேலைகள். அந்த வெள்ளையை ஊறவைத்து, காயவைத்து, அயன் பண்ணாமல் இங்கே எந்தத் தையற்காரியும் வெட்டமாட்டாள். முதல் தோய்ப்பிலேயே சுருங்கிவிடும். நைலெக்ஸ் சுருங்காது. மிஸ் அப்படியே வெட்டிப் பங்கிட்டாள். என் பங்கை மட்டும் வெட்டாமல் வாங்கி, வீட்டில் நனைத்து எடுத்தேன். மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. அவள் குட்டு வெளிப்படட்டும் என்று காத்திருந்தேன்.

என் பக்கத்தில் இருந்து தைத்தவளுக்கு மிஸ் சொன்னதெல்லாம் வேதவாக்கு. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண், பிறர் தோட்டத்தில் கச்சான் கடலைச் செடிகளுக்குள் குனிந்து புல்லுப் பிடுங்கி நாரி முறிந்தவள். நன்றாகத் தைக்கிற ஒருத்தியை அடுத்த ஊர்களில் பழக்குவதற்கு வேலைக்கு எடுப்பதாக மிஸ் சொல்லியிருந்தாள். நிழலில் இருந்து செய்கிற வேலை. அதற்காகக் கோயிலுக்குக் கட்டும் ஒரே நல்ல சேலையையும் இவள் வெட்டிச் சேர்த்தாள். அந்த அசட்டுத்தனம் எனக்கு எரிச்சல் மூட்டியது. ஆனால் அவள் அடுக்கிய அடுக்குத்தான் மண்டபத்திலேயே அழகு.

"தைச்சிரலாமாக்கா? சரியா இருக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஓம், நல்லாத்தான் இருக்கு. தையுங்கோ."

போர்வைகளைக் கண்காட்சிக்கு வைப்பதற்கு முந்தின நாள், வெட்டக் கோடு போட்ட சோக் அடையாளம் போகட்டும் என்று எல்லாவற்றையும் தோய்க்கச் சொன்னாள் மிஸ். கொடியில் காய்ந்தபோது வெள்ளை உள்ளே இழுக்க, சேலைத்துண்டுகள் பொரித்த அப்பளம் மாதிரிப் பொங்கி நின்றன. இனி மிஸ் முகத்தை எங்கே வைப்பாள் என்று பார்த்தேன். அவள் சுருங்காமல் கிடந்த என் போர்வையைத் தூக்கிப் பிடித்தாள்.

"பாருங்க, இவங்க நான் சொன்னபடி செஞ்சாங்க. நீங்கள்லாம் தையலை இறுக்கிட்டீங்க" என்றாள். அந்த வேலையும் எனக்குத்தான் என்றாள். கடை இருக்கிறது, வேண்டாம் என்றேன். அப்படியானால் இந்த ஊரில் ஆளில்லை என்று எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பக்கத்திலிருந்தவள் என் போர்வையைத் தடவிப் பார்த்தாள்.

"வெள்ளையை நனைச்சு வெட்டினீங்களாக்கா?"

"இல்லையே" என்றேன்.

"அப்ப என் கைதான் சரியில்லக்கா. புல்லுப் பிடுங்குற கை" என்றாள்.

இல்லை, உங்களுடையது நல்ல கை என்றாவது சொல்லியிருக்கலாம். என் போர்வையை மடித்துக்கொண்டு கடைக்குப் போனேன்.