சினேகா ஊசி போடாத மாதம்

சினேகா என் ஓரகத்தி, கொழுந்தன் விஜயகுமாரின் மனைவி. கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்து, செம்மண்டலம் தெருக்களில் கூடை சுமந்து விற்பாள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அநியாயத்துக்குப் பேரம் பேசினால் ஆபீசர் வீட்டம்மாவையும் விடமாட்டாள்.

முப்பது வயதுகூட ஆகவில்லை, ஒரு கண் மங்கியது. கண்ணாடி கொடுத்தார்கள். பார்வை தானாகவே தெளிந்தது. பிறகு கால் தள்ளாட ஆரம்பித்தது. வெயில் ஏற ஏறத் தள்ளாட்டமும் ஏறியது. குடித்துவிட்டு வருகிறாள் என்றது தெரு. சொன்ன வாயில் மண்ணை அள்ளிப் போடலாம் போலிருந்தது எனக்கு.

சிதம்பரத்தில் ஒரு நரம்பு டாக்டர்தான் ஸ்கேன் பார்த்து நோயின் பேரைச் சொன்னார்: மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். "கரண்டு ஒயர் மேல ரப்பர் இருக்குல்ல, அந்த மாதிரி நரம்புக்கும் ஒரு உறை இருக்கும்மா. உங்க ஒடம்பே அத அரிக்குது. வரும், போவும். போயிடுச்சுன்னு ஊசிய நிறுத்திடாதீங்க."

வாரம் ஒரு ஊசி. விஜயகுமாரே போடக் கற்றுக்கொண்டான். போட்டால் குளிரும் காய்ச்சலும் ஆளை உலுக்கிவிடும். ஆனாலும் சில மாதங்களில் அவள் பழையபடி கூடை தூக்கினாள். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் வினை. அவள் நடந்தால் திரௌபதி அம்மனுக்குத் தீமிதிக்க வைப்பதாக விஜயகுமார் வேண்டியிருந்தான். விரதத்தில் இருப்பவர் உடம்பில் ஊசி ஏறக்கூடாது என்று எங்கள் குப்பத்தில் ஒரு பேச்சு. யார் சொன்னது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. தீமிதிக்கு ஒரு மாதம் முன்பு கோயிலில் பாரதம் படிக்கத் தொடங்கியதும் அவள் விரதம் எடுத்தாள், ஊசி நின்றது.

"நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே தம்பி," என்றேன்.

"அம்மனே கால குடுத்துட்டா அண்ணி. இன்னும் எதுக்கு அந்தக் காய்ச்சல்?"

"ஒரு மாசந்தானக்கா," என்றாள் சினேகாவும். காய்ச்சல் இல்லாமல் ஒரு மாதம் இருக்க அவளுக்கும் ஆசை. பாவம், அவளை என்ன சொல்ல?

தீமிதி அன்று முன்னால் போனவர்கள் நெருப்பில் ஓடினார்கள். இவள் மட்டும் கடைத்தெருவில் போகிறவள் போல மெதுவாக நடந்தாள். அம்மன் இறங்கிவிட்டாள் என்று கூட்டம் கையெடுத்தது. விஜயகுமார் தேம்பித் தேம்பி அழுதான். நானும் ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டேன்.

நெருப்பைத் தாண்டியதும் கால் நனைக்கிற பால்குழியில் இறங்கியவள் என் கையைப் பிடித்தாள். "சுடவே இல்லக்கா."

"அதான் ஊரே கும்புடுதே."

"இல்லக்கா. நெருப்பும் தெரியல, இந்தப் பாலும் தெரியல. முட்டிக்குக் கீழ கொஞ்ச நாளாவே எதுவும் தெரியல."

"ஏன்டி சொல்லல?"

"அவரு அவ்ளோ சந்தோஷமா இருந்தாரு."

பாவி மகள். கரையில் உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினேன். அடி முழுக்கக் கொப்புளம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த விஜயகுமாரும் அதைப் பார்த்தான். ஒரு கொப்புளத்தின் மேல் விரலை வைத்தான்.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

அதற்குள் பெண்கள் அவள் காலைத் தொட்டுக் கும்பிட நெருங்கினார்கள். தன் துண்டை உருவி அந்தக் கால்களை மூடினான். அவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டான்.

"யாரும் தொடாதீங்க," என்றான். "எம் பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்ல. சிதம்பரம் போவணும், வழி வுடுங்க."