பாதி பாட்டு அவளுடையது

புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து அப்பா இடுப்பை உடைத்துக்கொண்டார். நான் ஆபீஸ் லேப்டாப்போடு பெங்களூரிலிருந்து ஜவ்வாது மலைக்குத் திரும்பினேன். அவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். ஊர் ஆண்களில் பாதிப்பேர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களைக் கூப்பிட அப்பா விடவில்லை. "இந்தக் கோலத்துல என்ன எவனும் பாக்க வேணாம்." ஆகவே அம்மாவும் நானும்.

மாத்திரை, வெந்நீர், புரட்டுவது, ஆபீஸ் மீட்டிங், மறுபடி புரட்டுவது. நானே போட்ட வரிசைக்குள் நானே அடைந்து கிடந்தேன். பஸ் சத்தம் கேட்டால் மட்டும் தலை தானாகத் திரும்பும்.

ஒரு மத்தியானம் அந்த பஸ்ஸிலிருந்து என் தோழி இறங்கினாள். பெங்களூரில் ஒரு காபிக் கடையில் ஞாயிறுதோறும் நாங்கள் சேர்ந்து ஹவுஸ் மியூசிக் என்ற டிஜே நடன இசை போடுவோம். பாட்டுகளைக் கலக்கும் பெட்டியான கன்ட்ரோலர் ஒன்றுதான்; அவள் ஒரு பாட்டு, நான் ஒரு பாட்டு. அவள் பாட்டு ஓடும்போதே அதன் தாளத்தில் என்னுடையதைச் சேர்க்க வேண்டும். வரும் ஞாயிறும் இரண்டு பேர் இல்லையென்றால் வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். போனில் கேட்டால் மழுப்புவேன் என்று நேரில் வந்துவிட்டாள்.

அவள் கொண்டுவந்த கன்ட்ரோலரைச் சாமை மூட்டைமேல் வைத்து ஆரம்பித்தோம். கட்டிலிலிருந்து அப்பா கேட்டார்: "இன்னாம்மா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"இதாம்ப்பா பாட்டு."

"இதானா? மோட்டார் ஓடுதுன்னு நெனச்சேன்."

வழக்கம்போல நான் போடவேண்டிய பாட்டுகளை மனதில் அடுக்கிவிட்டேன். மூன்றாவது பாட்டில் தோழி என் ஹெட்ஃபோனைப் பிடித்து இழுத்தாள். "நான் என்ன போடுறேன்னு கேக்கவே மாட்டேங்கிற. நீ உன் லிஸ்ட்டோட ஜோடி சேந்துட்ட. அப்புறம் நான் எதுக்குடி?"

கேட்டேன். அவள் வைத்த பாட்டில் வெறும் கைத்தட்டலும் அடிநாதமும். என் அடுக்கில் அதற்குப் பொருத்தமாக எதுவும் இல்லை. தேடி, கடைசி நொடியில் ஒன்றைச் சேர்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே அதை வேறெங்கோ இழுத்துப் போனாள். இத்தனை வாரங்களில் அடுத்தது என்ன என்று நான் தீர்மானிக்காமல் இருந்தது அப்போதுதான். பாதிப் பொறுப்பு இன்னொருத்தியிடம் இருந்தது.

"ஏ பொண்ணே, வா, பொரட்டணும்" என்றாள் அம்மா.

புரட்டினோம். அப்பாவின் முதுகில் புண் ஒன்று சிவந்து வாய் திறக்கத் தொடங்கியிருந்தது. அம்மா பார்த்துவிட்டு மருந்தை எடுத்து நீட்டினாள். தடவிவிட்டு வந்தேன்.

"ஞாயித்துக்கிழமை?" என்றாள் தோழி.

"வேற ஆளப் பாரு."

"யாரு? நீயே சொல்லு."

நாங்கள் பாட்டுப் போடும்போது எப்போதும் முன்வரிசையில் நின்று கேட்கும் ஒருத்தியைச் சொன்னேன்.

"அவளுக்கு இன்னும் சரியா சேக்க வராதே."

"வரும். அவ நீ போடுறதக் கேப்பா."

பஸ் வந்தது. "டப்பாவ இன்ஜின் மேல வைக்காதீங்கம்மா, சூடு" என்று கண்டக்டர் கத்தினார். தோழி கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது.